பாட்டியின் பிறப்பும் தம்பியின் நோயும் ஒரே படத்தில் வரலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி, 1950களின் தொடக்கத்தில் கைக்குழந்தையாகத் தமிழ்க் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்ட சீனப் பெண். தமிழராகவே வளர்ந்து, தமிழரையே மணந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டவர். உங்கள் 17 வயதுத் தம்பிக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். சிறுவயது முதல் மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்கிறார். ‘பாட்டி வழியாக வந்த சீன ரத்தம்’ என்று உறவினர்கள் அந்த நோய்க்கு நெடுநாளாக ஒரு காரணம் சொல்லிவருகிறார்கள். கலைக் கல்லூரியின் இறுதியாண்டுப் படைப்பாக இதை 20 நிமிடப் படமாக்க விரும்புகிறீர்கள். தம்பியின் மரபணுச் சோதனை அறிக்கையைப் படத்தின் கடைசியில் திரையில் காட்டி, பாட்டி யார் என்ற உண்மையை அங்கே வெளிப்படுத்தத் திட்டமிட்டிருக்கிறீர்கள். இது நேர்மையான படமாக அமையுமா, குடும்பத்தைச் சுரண்டுவதாக ஆகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ரத்தத்தைப் பற்றிய ஓர் அறிக்கை, ஒருவர் எந்த இனத்தவர் என்பதற்குச் சாட்சி சொல்ல முடியுமா? இதற்கு விடை காணாமல் முதல் கேள்வியைத் தொட முடியாது என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஆவணப்படங்களையும் கலைஞர்களின் தனிப்பட்ட படைப்புகளையும் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருபவன். இளம் படைப்பாளிகளுக்குத் தொகுப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். நோயைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் எடுக்கப்பட்ட படங்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். நான் மருத்துவன் அல்லன். கீழே மருத்துவம் பற்றி நான் எழுதுவது, அத்தகைய படங்களுக்காக மருத்துவர்களோடும் மரபியல் ஆலோசகர்களோடும் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பொதுச் செய்திகள். தம்பியின் சிகிச்சை பற்றிய எந்த முடிவுக்கும் இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். படப்பிடிப்பு தொடங்கும் முன் தம்பியைப் பார்க்கும் மருத்துவமனையிலேயே மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் குடும்பமாக ஒருமுறை பேசிவிடுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டிய பீட்டா தலசீமியா, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்து சேரும்போதுதான் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை அந்த மரபணுவைச் சுமப்பவராக, மருத்துவமனையில் சொல்வதைப் போல ‘கேரியராக’ இருப்பாரே தவிர நோயாளியாக மாட்டார். லேசான சோகையைத் தவிர அவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இராது; இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டு, உண்மை தெரியாமலே வாழ்நாள் முழுவதையும் கழித்தவர்கள் ஏராளம். தாய் தந்தை இருவரும் கேரியர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு, கேரியராக மட்டும் பிறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு, இரண்டும் இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. ஒரு பக்கத்திலிருந்து பீட்டா தலசீமியா மரபணுவும் மறுபக்கத்திலிருந்து தென்கிழக்காசியாவில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் ஈ (ரத்தத்தின் சிவப்புப் புரதத்தின் மாறுபட்ட வகை) மரபணுவும் வந்து சேர்ந்தாலும் கடுமையான நோய் உண்டாகலாம். அப்போதும் இரண்டு பக்கமும் பங்களித்தாக வேண்டும். மிக அரிதான விலக்குகள் உண்டு. தம்பியுடையது அவற்றில் ஒன்றா என்பதை அவருடைய மருத்துவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

இதை உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அப்பாவின் பக்கம் எல்லாரும் தமிழர்கள், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தம்பியின் நோய்க்குக் காரணமான இரண்டு மரபணுக்களில் ஒன்று, பாட்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்தத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தது. மற்றொன்று அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் அம்மாவுக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை, தமிழரான உங்கள் தாத்தாவிடமிருந்தும் வந்திருக்கலாம். பாட்டியையும் தாத்தாவையும் சோதித்துப் பார்க்காமல் அதை யாராலும் கூற முடியாது; தாத்தா இப்போது இல்லை என்கிறீர்கள். பாட்டியின் ரத்தத்தில் அந்த மரபணுவே இல்லாமலும் இருக்கலாம். நெடுநாளாக ஒரு குடும்பம் ஒரு மூதாட்டியின் மேல் ஏற்றிவைத்திருக்கும் பழி, எந்தக் கணக்கின்படியும் முழுதாக அவருடையது அன்று. பாதி உறுதியாக அவருடையது அன்று, மறுபாதி அவருடையதுதானா என்பதும் ஐயம். உங்கள் படத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அடுத்து நீங்கள் நம்பியிருக்கும் அந்த அறிக்கை. பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றில் சில, சில நிலப்பகுதிகளில் அதிகம். இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படுவது ஐவிஎஸ் 1-5 என்று குறிக்கப்படும் மாற்றம். தென்சீன மக்களிடையே அடிக்கடி காணப்படுவது கோடான் 41/42 என்பது. தம்பியின் அறிக்கையில் இரண்டாவது இருப்பதைப் பார்த்துத்தான் ‘இதோ சீன ரத்தம்’ என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள் என ஊகிக்கிறேன். ஆனால் அதே கோடான் 41/42 இந்தியாவில் அடிக்கடி காணப்படும் ஐந்து மாற்றங்களில் ஒன்று. ஐவிஎஸ் 1-5ஐ எடுத்துக்கொண்டாலோ, அது மலாய் மக்களிடையேயும் பரவலாக உண்டு. ஆகவே அறிக்கையின் ஒரு வரியை வைத்து, அது எந்தப் பாட்டன் பாட்டியிடமிருந்து வந்தது என்பதையோ, அவர் எந்த இனத்தவர் என்பதையோ நிறுவ முடியாது. பாட்டி சீனராகப் பிறந்தார் என்பதற்கு உங்கள் குடும்பத்தின் நினைவே சாட்சி. அந்தச் சாட்சி போதும். அதற்கு மேல் ஆய்வகத்தின் முத்திரையைக் குத்தப் போனால், அறிக்கை சொல்லாத ஒன்றைச் சொன்னதாகப் பார்வையாளரை நம்பவைப்பீர்கள். ஒரு தொகுப்பாளனாக இதை நான் தவறு என்றே சொல்வேன். நல்ல நோக்கம் அதைச் சரியாக்கிவிடாது.

நோயை இனத்தின் அடையாளமாகப் படிக்கும் பழக்கம் உங்கள் உறவினர்களிடம் தோன்றியதன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள்மேல் உள்ள கோபம் சற்றுத் தணியும். 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தபோது, அவர் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருந்ததால், நெடுங்காலம் இது மத்தியதரைக்கடல் மக்களின் நோய் என்றே கருதப்பட்டது. மற்றொரு பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருந்தது; 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அதைக் கண்டறிந்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. இந்த மரபணுக்கள் எங்கே அதிகம் என்பதைத் தீர்மானித்தது இனம் அன்று, மலேரியா. கேரியராக இருப்பவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்ததால், கொசு மிகுந்த நிலங்களில் தலைமுறை தலைமுறையாக அந்த மரபணு தங்கிவிட்டது. மத்தியதரைக்கடல் கரை, அரபு நாடுகள், இந்தியா, தென்சீனா, நம் தென்கிழக்காசியா எல்லாம் அந்த வரைபடத்துக்குள் வருகின்றன. சிங்கப்பூரில் ஏறத்தாழ 100 பேரில் 3 பேர் கேரியர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எல்லாரிலும் இருக்கிறார்கள். தேசியத் தலசீமியாப் பதிவகம் 1992 முதல் செயல்படுவதும் இதனால்தான்.

இனி, படம். நோயையும் குடும்பத்தையும் இனத்தையும் ஒரே இழையில் கோக்க முயன்ற கலைஞர்கள் உங்களுக்கு முன்னே இருக்கிறார்கள். உங்கள் கதைக்கு மிக நெருக்கமானவர் ரிச்சர்ட் ஃபங். அவர் டிரினிடாட் தீவில் சீனக் குடும்பத்தில் பிறந்து கனடாவில் வாழ்பவர். அவருடைய அக்காவின் பெயர் ‘நான்’ (Nan); தலசீமியா நோயாளியான அவர் 1977இல் இறந்தார். ஃபங்கின் துணைவர் எச்ஐவி தொற்றோடு வாழ்பவர். 2000இல் வந்த ‘சீ இன் த பிளட்’ என்ற 26 நிமிட வீடியோப் படத்தில் அவர் இந்த இரண்டு நோய்களையும், அதாவது பிறவியிலேயே வந்த ஒன்றையும் வாழ்வின் இடையே வந்த ஒன்றையும், அக்காவோடும் துணைவரோடும் தமக்கிருந்த இரு வேறு பாசங்களாக அருகருகே வைக்கிறார். குடும்பப் புகைப்படங்களும் பயணத்தில் எடுத்த படங்களும் நீருக்கடியில் நீந்தும் உடல்களும் மாறி மாறி வருகின்றன. நோயின் மூலம் எது, யாரால் வந்தது என்ற விசாரணை அங்கே படத்தை நடத்திச் செல்வதில்லை. நோயோடு இருந்தவர்களோடு நான் எப்படி இருந்தேன், எப்போது இல்லாமல் போனேன் என்ற கேள்விதான் நடத்திச் செல்கிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். விசாரணைப் படத்தில் குற்றவாளி ஒருவர் தேவைப்படுவார். உங்கள் திட்டத்தில் அந்த இடத்தில், நீங்கள் விரும்பாமலே, பாட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

மற்றொருவர் பிரிட்டிஷ் கலைஞர் டொனால்ட் ராட்னி. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அவர் அரிவாள் செல் சோகையோடு வாழ்ந்து 1998இல், 40 வயதுகூட நிரம்பாத நிலையில் இறந்தார். தம் உடலை எடுத்த எக்ஸ்ரே படங்களையே ஓவியத்துக்குரிய தளமாக்கி, கறுப்பின மக்கள் அனுபவித்த வன்முறையின் உருவங்களை அவற்றின்மேல் வரைந்தவர். 1995இல் பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ் குழுவினர் அவரைப் பற்றி ‘திரீ சாங்ஸ் ஆன் பெயின், லைட் அண்ட் டைம்’ என்ற படத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு படைப்பை மட்டும் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட தம் தோலின் துண்டுகளைக் குண்டூசிகளால் இணைத்து, கட்டை விரலளவே உள்ள ஒரு வீட்டைக் கட்டினார். மருத்துவமனைப் படுக்கையில் விரித்த தம் உள்ளங்கையில் அந்த வீடு நிற்க, அதைப் புகைப்படமாக்கினார். தலைப்பு ‘இன் த ஹவுஸ் ஆஃப் மை ஃபாதர்’. கூரை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. ஊசிகளின் தலைகள் தெரிகின்றன. கைரேகைகள் நிலம்போல விரிந்திருக்கின்றன. தந்தையிடமிருந்து வந்தது வீடா, நோயா, நிறமா என்று அந்தப் படம் பிரித்துக் கூறுவதில்லை. மூன்றும் ஒரே தோலில் இருக்கின்றன. அறிக்கை எதுவும் காட்டப்படாமலேயே அந்த நோய் ஒரு பரம்பரைச் சொத்து என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடுகிறது. அறிக்கைக்குப் பதிலாக என்ன காட்டுவது என்று நீங்கள் கேட்டால், இந்தப் புகைப்படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்பேன்.

அப்படியானால் இனத்தைப் படத்தில் எங்கே வைப்பது? ரத்தக் குழாயில் வைக்காதீர்கள். தாள்களிலும் பேச்சிலும் வையுங்கள், ஏனென்றால் அது அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒருவருடைய இனம் அடையாள அட்டையில் பதிவாகிறது. பிள்ளைக்குப் பெரும்பாலும் தந்தையின் இனமே பதியப்பட்டு வந்தது. 2011 முதல்தான் தாய் தந்தை இருவரின் இனத்தையும் இணைத்துப் பதிந்துகொள்ளும் வசதி வந்தது. பள்ளியில் எந்தத் தாய்மொழி படிப்பது என்பதிலிருந்து, 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை யாருக்கு விற்கலாம் என்பதுவரை அந்த ஒரு சொல்லுக்கு வேலை இருக்கிறது. உங்கள் பாட்டியின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எப்போது எழுதப்பட்டது, அதை யார் போய்ப் பதிந்தார்கள்? இவை அவர் வாழ்க்கையில் உண்மையாகவே நிகழ்ந்தவை. தேதி உண்டு, கையொப்பம் உண்டு. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது கடைக்காரர் அவரிடம் எந்த மொழியில் பேச்சைத் தொடங்குகிறார், அவர் தமிழில் பதில் சொன்னதும் அந்த முகம் எப்படி மாறுகிறது, கோயிலில் அறிமுகமில்லாதவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பவற்றையும் கவனியுங்கள். மரபியலே இந்த வேலைக்கு உதவாது என்பதற்கு இன்னொரு சான்றும் சொல்கிறேன். 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லூவன்டின் கணக்கிட்டுக் காட்டியபடி, மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. வம்சாவளியின் தடயமே டிஎன்ஏவில் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பல்லாயிரம் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவருடைய முன்னோர் எந்த நிலப்பகுதியினர் என்பதைப் பெருமளவு ஊகிக்கலாம். ஆனால் அந்த ஊகமும், பாட்டி தம்மை யாராகக் கருதி 70 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார் என்பதும் இரு வேறு செய்திகள். ஒன்றால் மற்றொன்றைத் திருத்த முடியாது.

பாட்டியின் பிறப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போருக்கு முன்னும் பின்னும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் பெண்குழந்தைகள் இந்திய, மலாய்க் குடும்பங்களிடம் கொடுக்கப்பட்டது பலரும் அறிந்த வரலாறு. வறுமை, ஆண்பிள்ளை மேல் இருந்த நாட்டம், பிறந்த ஆண்டு ஆகாது என்ற நம்பிக்கை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. உங்கள் பாட்டியின் விஷயத்தில் எது காரணம் என்பதை நீங்களாக நிரப்பிவிடக் கூடாது. ‘பாட்டிக்குத் தெரியும், ஆனால் பேசமாட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மௌனத்தை உடைப்பதுதான் படம் என்று உங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு நான் உடன்படவில்லை. தம்மை எடுத்து வளர்த்த அம்மாவுக்குத் துரோகம் செய்ததாகிவிடும் என்ற அச்சத்தில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. பேசினால் பிள்ளைகளுடைய சம்பந்தம் கெடும் என்று பேசாமல் இருந்து, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டவர்கள் உண்டு. சொல்வதற்கு ஒன்றுமே நினைவில் இல்லாததால் பேசாதவர்களும் உண்டு. எதுவென்று தெரிந்துகொள்ளாமல் கேமராவை எதிரே வைத்து ‘உங்களைப் பெற்றவர்கள் யார் என்று தெரியுமா பாட்டி?’ என்று கேட்டால், அது பேத்தியின் கேள்வியாக இராது, விசாரணை அதிகாரியின் கேள்வியாகத்தான் இருக்கும்.

இதில் என் தொழில் கற்றுக்கொடுத்த வழி ஒன்று உண்டு. படத்தையும் குரலையும் பிரித்துவிடுங்கள். நான் தொகுத்த ஒரு படத்தில், மகன் கேமராவோடு எத்தனை முறை கேட்டும் தாயார் ‘ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் சமையல் மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் அவருடைய சம்மதத்தோடு வைத்துவிட்டு மகன் எதிரே உட்கார்ந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது, கேள்வியே இல்லாமல் அந்த அம்மா பேசத் தொடங்கினார்; இடையிடையே தலைகள் பாத்திரத்தில் விழும் சத்தமும் பதிவாகியிருந்தது. கை வேலையில் இருக்கும்போது கண் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை; நம் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். முகம் திரையில் வராது என்று உறுதி கொடுங்கள், அந்த உறுதியைக் காப்பாற்றுங்கள். குரல் மட்டும் இருக்கும்போது பார்வையாளர் பாட்டியின் கண்களையும் தோலையும் பார்த்து ‘சீனர்தானே’ என்று தாமாகவே தீர்ப்பு எழுத முடியாது. தமிழ் பேசும் ஒரு மூதாட்டியின் குரலை மட்டும்தான் கேட்பார்கள். உங்கள் படத்தில் அவருடைய முகம் வரவே வேண்டுமா என்பதை நீங்கள் இதுவரை யோசித்திருக்க மாட்டீர்கள் என நினைக்கிறேன், யோசியுங்கள்.

புகைப்படமே இல்லாத ஒரு நிகழ்வை எப்படிக் காட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானிய அமெரிக்கக் கலைஞர் ரியா தஜிரி 1991இல் எடுத்த ‘ஹிஸ்டரி அண்ட் மெமரி’ படத்தைப் பாருங்கள். போர்க்காலத்தில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட அவருடைய தாயாருக்கு அந்த நாட்களைப் பற்றிப் பெரும்பாலும் மறந்துவிட்டது; கேமரா தடைசெய்யப்பட்ட முகாம் என்பதால் குடும்பத்திடம் காட்டுவதற்கும் அதிகமில்லை. பாலைவனத்தில் ஒரு பெண் குழாயடியில் குடுவையில் நீர் பிடிக்கும் காட்சி ஒன்று மட்டும் மகளின் மனத்தில் நின்றிருக்கிறது. அதை அவர் தாமே நடித்து எடுத்து, இது என் தாயாருக்காக நான் உண்டாக்கிய படம் என்பது பார்ப்பவருக்கு விளங்கும்படி திரும்பத் திரும்பக் காட்டுகிறார். உண்டாக்கியதை உண்டாக்கியது என்று தெரியும்படி காட்டினால் அதில் பொய் இல்லை. கைக்குழந்தையை ஒருவர் கொடுக்க இன்னொருவர் வாங்கும் காட்சியைப் பழைய படம்போலக் கறுப்பு வெள்ளையில், கீறல்கள் சேர்த்து எடுக்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கீறல்கள் வேண்டாம்.

அனுமதியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அதில்தான் எனக்கு அதிகக் கவலை. பரம்பரை நோய் பற்றிய படத்தில் கையொப்பமிட வேண்டியவர்கள் திரையில் தோன்றுபவர்கள் மட்டும் அல்லர். தம்பியின் நோயை நீங்கள் சொன்ன உடனேயே, அம்மாவும் அப்பாவும் கேரியர்கள் என்பதைச் சொல்லிவிட்டீர்கள். அப்பா கேரியர் என்றால் அவருடைய உடன்பிறந்தோரும் கேரியர்களாக இருக்கக்கூடும். அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கக்கூடும். உங்கள் அத்தை மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் படம் திரையிடப்பட்ட பிறகு, மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது உங்கள் படத்தின் விளைவுகளில் ஒன்று. கேரியர் ஒருவர் கேரியர் அல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. ஒருவர் கேரியரா என்பது சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். சொந்தத்துக்குள் திருமணம் என்றால் இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுவதால் சோதனை இன்னும் அவசியம். இவற்றை அத்தையின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு, அதன் பிறகு அனுமதி கேளுங்கள். மறைப்பதற்கு நான் ஆதரவாகப் பேசவில்லை. ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியதைத் திரையரங்கில் தெரிந்துகொள்ளக் கூடாது என்கிறேன். காப்புறுதி பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்று 2021 அக்டோபரிலிருந்து சிங்கப்பூரில் உண்டு. ஆனால் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட நோய் வேறு கணக்கு என்பதால், தம்பியைப் பொறுத்தவரை விவரம் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 17 வயது. அம்மா அப்பா சம்மதித்தால் போதும் என்று கல்லூரியின் படிவம் சொல்லலாம். எனக்கு அது போதாது. இன்று அக்காவுக்காகச் சரி என்பவர் 25 வயதில் வேண்டாம் என்று நினைக்கலாம். படத்திலிருந்து தம்மைப் பற்றிய பகுதியை எடுத்துவிடச் சொல்லும் உரிமையைத் தம்பிக்கு எழுத்திலேயே கொடுங்கள். இணையத்தில் பொதுவாக ஏற்றாமல் திரையிடல்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அந்த உரிமைக்குப் பொருள் இருக்கும். ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பையும் படம் தாங்கிக்கொள்ள முடியும். பாலஸ்தீனப் பின்னணி கொண்ட மோனா ஹட்டூம் 1988இல் எடுத்த ‘மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்’ படத்தில், தாயார் குளிக்கும் புகைப்படங்களின் மேல் அவருடைய அரபுக் கடித வரிகள் திரைபோலப் படர்ந்திருக்கும். மகள் அந்தப் புகைப்படங்களை எடுத்தது தந்தைக்குப் பிடிக்கவில்லை என்பதும் கடிதத்தின் வழியே நமக்குத் தெரியவரும். தந்தையின் எதிர்ப்பை மறைக்காமல் அவர் படத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உங்கள் அத்தை தம் பெயரோ குரலோ வரக் கூடாது என்றால், ‘ஒருவர் மறுத்தார்’ என்று சொல்லிவிட்டு மேலே செல்லலாம். யார், எந்தப் பக்கத்து உறவு என்று சொல்ல வேண்டியதில்லை.

ரத்தம் ஏற்றும் நாளைப் பற்றி ஒரு சொல். அதை நீங்கள் கட்டாயம் எடுக்க வேண்டும், மருத்துவமனையின் எழுத்துபூர்வ அனுமதியோடும், வேறு நோயாளிகளின் முகமோ பெயர் அட்டையோ எங்கும் விழாத கோணத்தோடும். ஊசி ஏறும் நொடியை விட்டுவிடுங்கள். அதைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். தாதி ரத்தப் பையின் எண்ணைத் தம்பியின் மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படிப்பதையும், இன்னொரு தாதி அதைச் சரிபார்ப்பதையும், பிறகு மணிக்கணக்கில் எதுவும் நடக்காமல் இருப்பதையும் எடுங்கள். ஏற்றப்படும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உடலில் சேர்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லாததால்தான் தம்பி மருந்து சாப்பிடுகிறார். ஒரு தலைமுறைக்கு முன் இந்த நோயாளிகள் வாரத்தில் பல இரவுகள் வயிற்றில் ஊசியைச் செருகி, சிறு விசைக்கருவி ஒன்றோடு தூங்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் சொல்லும் பின்னணிக் குரல் மருத்துவருடையதாக இல்லாமல் தம்பியுடையதாக இருக்கட்டும், அவர் விரும்பினால். அந்தப் பையில் இருப்பது யாருடைய ரத்தம் என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக, தமிழராக இருக்கலாம். தம்பி சிறுவயது முதல் இந்த ஊரில் முகம் தெரியாதவர்கள் பலரின் ரத்தத்தால் உயிர்வாழ்கிறார். ‘சீன ரத்தம்’ என்ற பேச்சுக்கு உங்கள் படத்தில் யாராவது பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்த வார்டில் படிக்கப்படும் எண்களே சொல்லட்டும்; அதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக நடைமுறை. முதல் தொகுப்பு முடிந்ததும் ஆசிரியர்களுக்கு முன் பாட்டிக்குக் காட்டுங்கள், தனியாக, வீட்டில், நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்படி. அடுத்து தம்பிக்கு, அதன் பின் அம்மா அப்பாவுக்கு. பாட்டி ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் பொதுத் திரையிடலுக்குத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரவகைப்பாடு தேவைப்படும். கல்லூரிக்குள் மட்டும் காட்டுவதற்கு என்ன விதி என்பதைக் கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். பயன்படுத்தாத காட்சிகளும் பாட்டியின் முழு ஒலிப்பதிவும் யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டுகள் இருக்கும், பாட்டிக்குப் பிறகு அவற்றைக் கேட்கும் உரிமை யாருக்கு என்பதையும் இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மரபணு அறிக்கையை மருத்துவமனைக் கோப்பிலேயே விட்டுவிடுங்கள். ஆலோசகரைப் பார்த்த பிறகு தம்பியின் நோய் வகை பற்றி நான் எழுதியதில் ஏதாவது பொருந்தவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள். அதற்கேற்ப மேலே சொன்னவற்றைத் திருத்திவிடுகிறேன்.